கொட்டகை இடியும் முன்: ஊர்த் திரையரங்கைக் காத்துப் புதுப்பிக்கும் முறை

கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் சாலை என்று ஒரு தெரு இருக்கிறது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சலனப்படம் காட்டினார். பிறகு 1914-இல் கோவையில் அவர் நிலையாகக் கட்டியதே வெரைட்டி ஹால். தென்னிந்தியத் திரையரங்கு வரலாற்றை எழுதுபவர் எவரும் அந்தக் கட்டடத்தைக் கடந்து போக முடியாது. பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறிப் பல தலைமுறைகளுக்குப் படம் காட்டிய அந்த அரங்கு இன்று இல்லை. தெருவுக்குப் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் அடையாளமாக ஏற்காடு சாலையோரம் ஒரு நுழைவு வளைவு நிற்கிறது. சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ என்று கோவையிலேயே படம் எடுத்து, கோவை மில் தொழிலாளிகளுக்கு இரண்டாம் ஆட்டமாகக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தின் மிச்சம் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோபி, பவானி, ராசிபுரம் போன்ற ஊர்களில், பூட்டிய கதவும் துருப்பிடித்த பெயர்ப் பலகையுமாகப் பழைய கொட்டகைகளின் உருவில் நிற்கிறது. அப்படி ஒரு கொட்டகை உங்கள் ஊரில் இருந்து, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நான்கு பேர் நினைத்தால், என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை எங்கள் ஊர் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் உரிமையாளர் வீட்டுக்குப் போங்கள். ஆர்வலர்கள் பெரும்பாலும் இதைக் கடைசியில் செய்கிறார்கள். மனு எழுதி, செய்தித்தாளில் படம் போட்டு, மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்த பிறகு உரிமையாளரைச் சந்திக்கப் போனால், அவர் நம்மை எதிராளியாகத்தான் பார்ப்பார். கொங்கு நாட்டில் பெரும்பாலான கொட்டகைகள் ஒரு குடும்பத்தின் சொத்து. தாத்தா கட்டியிருப்பார், அப்பா நடத்தியிருப்பார், இப்போது நான்கைந்து பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பார், பாகப்பிரிவினை முடியாமல் இருக்கும். ஊரின் நடுவில் இருக்கும் இடத்துக்குக் கல்யாண மண்டபமோ ஜவுளிக் கடையோ கட்டலாம் என்று நல்ல விலை கேட்டு வந்திருப்பார்கள். அந்த விலையை வேண்டாம் என்று சொல்லும்படி நாம் கேட்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே முதல் சந்திப்பில் கட்டடத்தைப் பற்றிப் பேசுவதைவிட, அதைக் கட்டியவரைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் மூத்த அம்மாவிடம் திறப்பு விழா நாளைப் பற்றிக் கேட்டால், அலமாரியிலிருந்து புகைப்படம் தானாக வெளியே வரும். எங்கள் ஊரில் மூன்று ஆண்டுகள் திறக்காத சாவி, அப்படி ஒரு பிற்பகலில்தான் எங்கள் கைக்கு வந்தது.

பேச்சு கூடி வந்த பிறகு, எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வேண்டும். ஆய்வு செய்யவும் கூரையைச் சரிசெய்யவும் மட்டும் முதலில் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். பணம் திரட்டும் கட்டம் வரும்போது, பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட்ட குத்தகைப் பத்திரம் தேவைப்படும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் ஒரு வழக்குரைஞரிடம் காட்டாமல் ஒரு ரூபாய்கூடச் செலவிடாதீர்கள்.

அடுத்து ஆவணப்படுத்தல். கதவைத் திறந்ததும் துடைப்பத்தை எடுக்கத்தான் கை போகும், தயவுசெய்து எடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தோம், அதற்கு இன்றுவரை வருந்துகிறோம். உரிமையாளர் வீட்டார் பார்க்க வரும்போது ஓர் அறையாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று எண்ணி, படக்கருவி நிற்கும் ஆபரேட்டர் அறையை முதல் வாரத்திலேயே கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். அந்த அறையின் உட்சுவரில், தரையிலிருந்து நெஞ்சுயரம் வரை, பென்சிலால் வரிவரியாக எழுதியிருந்தது: படத்தின் பெயர், பொட்டி வந்த தேதி, ஓடிய நாள், கருவியின் விளக்குக்கு எரித்த கார்பன் குச்சிகளின் எண்ணிக்கை. ஏறத்தாழ இருபது ஆண்டுக் கணக்கு. தேதி போட்ட அந்தச் சுவர்தான் ஊர் எந்த ஆண்டில் எந்தப் படத்தை எத்தனை நாள் பார்த்தது என்பதற்கு இருந்த ஒரே பதிவேடு. எங்களில் ஒருவரும் அதைப் படித்துப் பார்ப்பதற்குள் இரண்டு பூச்சு ஏறிவிட்டது. விளையாட்டாக ஒரு சிறுவன் கைப்பேசியில் எடுத்த படத்தின் ஓரத்தில் பதினொரு வரிகள் மட்டும் தெரிகின்றன.

ஆகவே முறை இது. ஒவ்வோர் அறைக்கும் எண் கொடுத்து, நான்கு மூலைகளிலிருந்தும் ஒவ்வொரு படம், மேற்கூரைக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று எடுங்கள். சுவரில் எழுத்தோ கீறலோ ஒட்டிய தாளோ இருந்தால், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நெருக்கமாக எடுங்கள்; வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்தால் மங்கிய பென்சில் எழுத்தும் தெரியும். பிறகு டேப் பிடித்து அளந்து தரைப்படமும் குறுக்குவெட்டுப் படமும் வரையுங்கள். கோவையிலும் சேலத்திலும் உள்ள கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி. பேராசிரியரிடம் கேட்டால் ஒரு வகுப்பையே அனுப்பி வைப்பார். பழைய வண்ணத்தை அறிய, கண்ணில் படாத ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்கு, சவர பிளேடால் ஒவ்வோர் அடுக்காகச் சுரண்டிப் பாருங்கள். எங்கள் அரங்கில் மேலே வெளிர் நீல எண்ணெய் வண்ணம், அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே சுண்ணாம்பில் கலந்த காவி என்று மூன்று காலங்கள் வந்தன.

சுவர் பேசாததை மனிதர்கள் பேசுவார்கள். ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், சைக்கிள் நிறுத்தம் பார்த்தவர், போஸ்டர் ஒட்டியவர், இடைவேளையில் முறுக்கு விற்றவர் என்று தேடிப் பிடித்து ஒலிப்பதிவு செய்யுங்கள். பெண்களிடம் தனியே கேளுங்கள். பெண்களுக்கென்று தனி டிக்கெட் ஜன்னலும் இடையில் ஒரு குட்டைச் சுவரும் இருந்த கொட்டகைகள் பல, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் கதை ஆண்களுக்குத் தெரியாது. தரை டிக்கெட், பெஞ்சு, சேர், சோபா என்ற பிரிவுகளுக்குள் ஊரின் ஏற்றத்தாழ்வும் உட்கார்ந்திருந்தது. அதை இனிப்பு தடவி மறைக்காமல் சொன்னபடியே பதிவு செய்வதுதான் நேர்மை.

இனிக் கட்டடம். என் கருத்தில் கையில் உள்ள முதல் பணம் முழுவதும் கூரைக்கே போக வேண்டும். முகப்பை வண்ணம் தீட்டினால் செய்தித்தாளில் படம் வரும், கொடையாளர் மகிழ்வார். ஆனால் ஓடு விலகிய இடத்தில் இரண்டு ஐப்பசி மழை இறங்கினால் முகப்புக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. கொங்கு நாட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்று பொள்ளாச்சியிலிருந்து தாராபுரம் வரை கூரையைத் தூக்கிப் பார்க்கும். தென்மேற்குப் பருவத்தில் ஓடு அசையும், வடகிழக்குப் பருவத்தில் அந்த அசைந்த இடத்தில் நீர் இறங்கும். ஆகவே கூரை வேலையைச் சித்திரையில் தொடங்கி வைகாசிக்குள் முடித்துவிடுவது நல்லது.

பெரும்பாலான கொட்டகைகளில் அகலமான கூடத்தின் மேல் கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான இரும்பு டிரஸ் வைத்து, மேலே மங்களூர் ஓடோ ஆஸ்பெஸ்டாஸ் தகடோ போட்டிருப்பார்கள். டிரஸ்ஸின் நடுப்பகுதி பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுவரின் மேல் அது உட்காரும் முனையில்தான் நீர் தேங்கித் துரு தின்றிருக்கும். அந்த முனைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் எழுத்தில் அறிக்கை தரும்வரை உள்ளே கூட்டம் சேர்க்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைப்பது, அறுப்பது, உலர்ந்த நிலையில் கூட்டிப் பெருக்குவது ஆகிய மூன்றும் ஆபத்து. அதன் நார்த்தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைத் தரும். தகடு முழுதாக இருந்தால் விட்டுவிடுங்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் நீர் தெளித்து நனைத்து, உரிய முகக்கவசம் அணிந்த ஆட்களைக் கொண்டு முழுத் தகடாகவே இறக்குங்கள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த புறா எச்சத்துக்கும் இதே விதி: முதலில் நனைக்க வேண்டும், பிறகுதான் அள்ள வேண்டும்.

முகப்பு மாடியும் டிக்கெட் கூடமும் மெட்ராஸ் டெரஸ் முறையில் கட்டப்பட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்து, அதற்கும் மேல் தட்டோடு பதித்த கூரை அது. ஒழுகுகிறது என்று அதன் மேல் சிமெண்ட் கான்கிரீட் கொட்டுபவர்கள், உத்தரத்தின் தலையில் தாங்க முடியாத சுமையை ஏற்றுகிறார்கள். சுவர்களுக்கும் அப்படியே. சுண்ணாம்புக் காரையில் எழுந்த சுவர் மூச்சு விடும் சுவர். உள்ளே ஏறும் ஈரம் பூச்சின் வழியாக வெளியேறிவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, மூன்றாம் ஆண்டில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். எங்கள் அரங்கின் தென்சுவரில் யாரோ எப்போதோ செய்த அந்த வேலையைக் கொத்தி எடுக்கவே எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

சுண்ணாம்புப் பூச்சுக்கு அவசரம் கூடாது. நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் நீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். பூச்சு இறுகி ஒட்டுவதற்கு அது உதவுகிறது. பூசிய பின் நனைத்த சாக்கைப் போர்த்திப் பத்து நாளாவது ஈரம் காக்க வேண்டும், இல்லாவிட்டால் கோவை வெயிலில் மயிரிழை வெடிப்பு விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லை என்றால், கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் போய் விசாரியுங்கள். குடமுழுக்கு வேலை செய்பவர்களில் அந்தக் கை பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முகப்பில் சுதையால் எழுதிய அரங்கின் பெயரும் ஆண்டும் இருந்தால், உடைந்த எழுத்தை மட்டும் அதே சுதையில் நிரப்புங்கள். அதற்கு மேல் பிளெக்ஸ் பலகை மாட்டுவதற்காகத் துளையிட வருபவரை ஏணியிலிருந்து இறக்கிவிடுங்கள். மொசைக் தரைக்கு அமிலம் வேண்டாம். மிதமான சோப்பு நீரும் தேங்காய் நார்த் துலக்கியும் போதும்.

ஆபரேட்டர் அறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதுப்பிக்க வருபவர்கள் முதலில் இடிக்கச் சொல்வது அந்த அறையைத்தான். சுவர் ஏன் இவ்வளவு தடிமன், கதவு ஏன் இரும்பு, படம் விழும் துளைக்கு மேலே ஏன் ஓர் இரும்புப் பலகை தொங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். 1950-களின் தொடக்கம் வரை உலகெங்கும் படச்சுருள் நைட்ரேட்டில் செய்யப்பட்டது. அது தீப்பிடித்தால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொள்ளும். நீர் ஊற்றினாலும் அணையாது. கார்பன் குச்சிகளுக்கிடையே மின்வில் கொழுந்து விட்டெரியும் விளக்கின் முன்னால், அந்தச் சுருளை விநாடிக்கு 24 கட்டங்களாக ஓட்டியவர் ஆபரேட்டர். தீப்பிடித்தால் கயிறு எரிந்து அறுந்து, இரும்புப் பலகை தானாக விழுந்து துளையை அடைத்து, கூடத்தில் இருப்பவர்களுக்கும் தீக்கும் இடையே சுவராக நிற்கும். உள்ளே இருப்பவர் கதி என்னவென்று கட்டியவர்கள் அவ்வளவாக நினைத்ததாகத் தெரியவில்லை. அந்த அறையை இடித்துவிட்டு அங்கே காபிக் கடை வைத்தால், திரையரங்கு என்ற தொழிற்கூடத்தின் உலைக்களத்தையே எடுத்துவிட்டோம் என்று பொருள்.

கருவிகளைத் தொடுவதற்கு முன் சில எச்சரிக்கைகள். தகர டப்பாக்களில் பழைய சுருள் கிடைத்தால், அறைக்குள் பூட்டி வைத்துக்கொண்டு திறக்காதீர்கள். காடி வாடை அடித்தால் அது அசிடேட் சுருள் சிதையும் அறிகுறி. பிசுபிசுப்பும் பழுப்புத் தூளும் காரவாடையும் இருந்தால் நைட்ரேட்டாக இருக்கக்கூடும், அதை வெயிலும் நெருப்பும் அண்டாத தனி இடத்தில் வைத்துவிட்டு உடனே அறிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். புனேயில் 1964-இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. மும்பையில் பழைய படங்களைக் காக்கும் பிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் பயிற்சி முகாம்களையும் நடத்துகிறது. உங்கள் கொட்டகை மூலையில் கிடக்கும் சுருள், வேறெங்கும் இல்லாத படமாகவும் இருக்கலாம். கார்பனுக்குப் பிறகு வந்த ஜீனான் விளக்கு அணைந்து குளிர்ந்த நிலையிலும் உள்ளே உயர் அழுத்த வாயுவை அடக்கியது. முகத்தடுப்பும் தடித்த கையுறையும் இல்லாமல் தொட்டால் வெடித்துக் கண்ணைப் பறிக்கும். மூலையில் கண்ணாடிக் குடுவையோடு நிற்கும், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பழைய ரெக்டிஃபயரில் பாதரசம் இருக்கும், அதை அசைக்காதீர்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள், இணைப்பைத் துண்டித்த பிறகும் ஷாக் அடிக்கும்.

இவற்றைத் தெரிந்த மனிதர் உங்கள் ஊரிலேயே இருப்பார். எங்கள் அரங்கின் ஆபரேட்டர், எழுபதைக் கடந்தவர், புரொஜக்டரின் பக்கக் கதவைத் திறந்து, விரல் நுனியால் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் தடவிப் பார்த்தார். "பல்லு கொக்கியாட்டம் தேஞ்சு போச்சுங்க தம்பி. இதுல ஓட்டுனா படம் நடுங்குமுங்க, துளையும் கிழியுமுங்க" என்றார். படச்சுருளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துக்கு நான்கு துளைகள். அந்தத் துளைகளில் பல் பொருந்தி, ஒரு கட்டத்தை இழுத்து நிறுத்தி, ஒளி காட்டி, அடுத்ததை இழுக்க வேண்டும். தேய்ந்த சக்கரத்தைக் கோவையில் உள்ள ஒரு லேத் பட்டறையில் மாதிரி பார்த்துக் கடைந்து வாங்கினோம். பம்பும் கிரைண்டரும் ஜவுளி இயந்திர உதிரியும் செய்து பழகிய கொங்கு நாட்டில், இப்படியொரு வேலைக்கு ஆள் தேட வெளியூர் போக வேண்டியதில்லை. இறுகிப் போன எண்ணெயை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, கையால் சுழற்றிப் பார்த்து, தடையின்றிச் சுழன்ற பிறகுதான் மோட்டாரை இணைத்தோம்.

ஆயிரம் அடி ரீல் ஏறத்தாழ பதினொரு நிமிடம் ஓடும். இரண்டு கருவிகளை அடுத்தடுத்து நிறுத்தி, திரையின் வலது மேல் மூலையில் தோன்றி மறையும் புள்ளியைப் பார்த்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவார்கள். கூடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் மாற்றுவதுதான் கைத்திறன். அதை அவர் செய்துகாட்டும்போது முழுமையாக வீடியோ எடுத்து வைத்திருக்கிறோம். கருவியைக் காப்பதும் கையறிவைக் காப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதி.

இன்று புதுப்படம் எதுவும் சுருளாக வருவதில்லை என்பதால், அரங்கு ஓட வேண்டுமென்றால் டிஜிட்டல் புரொஜக்டர் வேண்டும். க்யூப், யூஎஃப்ஓ போன்ற நிறுவனங்களின் வழியாகவே படங்கள் வருகின்றன. புதிய கருவிக்குத் தூசியில்லாத குளிர்ந்த இடம் தேவை. பழைய துளையை அகலப்படுத்தாமல், ஆபரேட்டர் அறையிலேயே கண்ணாடித் தடுப்புப் போட்டு ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக வைப்பது சிறந்தது. பழையதைத் தங்க வண்ணம் பூசி வாசலில் நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. ஓடக்கூடிய இயந்திரத்தைப் பொம்மையாக்கிவிடுகிறோம்.

திரை, ஒலி, இருக்கை மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரையில் ஒலி ஊடுருவ நுண்துளைகள் இருக்கும், அதன் மேல் வண்ணம் அடித்தால் பின்னாலுள்ள ஒலிபெருக்கி அடைபடும். சுவரில் சணல், வைக்கோல் பலகை கொண்டு செய்த பழைய ஒலித்தடுப்பைக் கழற்றினால், தீப்பிடிக்காத பொருளால்தான் மாற்ற வேண்டும். இருக்கைகளில் வார்ப்பிரும்புக் கால் கொண்ட வரிசை ஒன்றிரண்டையாவது அப்படியே காப்பாற்றுங்கள். மற்றவை புதிதாக, முழங்கால் இடிக்காத இடைவெளியோடு இருக்கட்டும். பால்கனியைப் பிரித்து இரண்டாவது சிறிய திரையாக்கலாம் என்ற யோசனை வரும். கொட்டகை பிழைப்பதற்கு அதுதான் வழியென்றால் செய்யலாம், ஆனால் இடைச்சுவர் பின்னொரு நாள் கழற்றக்கூடிய இலேசான சட்டகமாக இருக்க வேண்டும்.

காகிதங்களும் இதில் அடங்கும். போஸ்டர், பாட்டுப் புத்தகம், கண்ணாடி ஸ்லைடு, டிக்கெட் கட்டு, தினசரி வசூல் ஏடு ஆகியவற்றை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். அமிலமற்ற தாளுக்கிடையே தட்டையாக வைத்து, ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.

சட்டத்தின் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தரும் சி படிவ உரிமம் இல்லாமல் பொதுமக்களுக்குப் படம் திரையிட முடியாது. கட்டட உறுதி, மின் இணைப்பு, தீயணைப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உரிய துறைகளின் சான்றுகள் அதற்கு வேண்டும். பழைய உரிமம் காலாவதியாகியிருந்தாலும் அதன் நகலைத் தேடி எடுங்கள். இருக்கை எண்ணிக்கை, வாசல்கள், அனுமதித்த வரைபடம் எல்லாம் அதில் இருக்கும், பின்னர் வரும் கேள்விகளுக்கு அதுவே விடை. பாரம்பரியக் கட்டடம் என்ற அறிவிப்பு கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டு கடந்த சின்னங்களைப் பற்றியது. நம் கொட்டகைகளில் மிகப் பல அந்த வயதை எட்டாதவை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. அதன் வழியிலும் முயலலாம், கோவையில் கிளை உள்ள, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் ஆலோசனையையும் கேட்கலாம். ஆனால் அறிவிப்புக்காகக் காத்திருந்து கூரையைக் கைவிட்டுவிடாதீர்கள்.

தீப்பாதுகாப்பில் மட்டும் பழமைக்கு எந்தச் சலுகையும் கேட்கக் கூடாது. டெல்லி உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று கீழ்த்தளத்து மின்மாற்றியில் பிடித்த தீயின் புகை மேலேறி 59 பேர் இறந்தனர்; பால்கனியில் கூடுதலாகப் போட்ட இருக்கைகள் வெளியேறும் வழியை அடைத்திருந்தன. ஆகவே மின்கம்பிகளை முழுவதும் புதிதாகப் போடுங்கள், பழைய துணிக் கம்பியில் ஒரு முழம்கூட மிஞ்ச வேண்டாம். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். டிக்கெட் இல்லாதவர் நுழையாமலிருக்கப் பக்க வாசலைப் பூட்டும் பழக்கம் நம் ஊர்களில் நெடுநாள் இருந்தது. அந்தப் பூட்டுக்கான கொண்டியையே அறுத்து எடுத்துவிடுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்? கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களைச் சீரமைப்பதை நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவில் சேர்த்திருக்கிறது. ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடும் நிறுவனம் தன் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டை இப்படிச் செலவிடக் கடமைப்பட்டது. நூற்பாலைகளும் பம்பு ஆலைகளும் பின்னலாடை நிறுவனங்களும் நிறைந்த நம் பகுதியில் இந்தக் கதவைத் தட்டாமல் இருக்கக் கூடாது. தனியார் சொத்துக்கு நேரடியாக அந்தப் பணம் வராது என்பதால், பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்று நீண்டகாலக் குத்தகை எடுத்து வேலையை நடத்த வேண்டும். நீங்கள் புதிதாகத் தொடங்கினால், ஏற்கெனவே சில ஆண்டுகள் செயல்பட்டுவரும் அறக்கட்டளையோடு சேர்ந்துகொள்ளுங்கள். கொடையை வேலை வேலையாகப் பிரித்துக் கேட்பது பலன் தரும். "அரங்கைக் காப்பாற்ற உதவுங்கள்" என்று கேட்டபோது கைவிரித்தவர்கள், "கிழக்குப் பக்கக் கூரைக்கு ஓடு வாங்கித் தாருங்கள்" என்று கேட்டதும் தந்தார்கள்.

எனக்கு இதில் உறுதியான கருத்து ஒன்று உண்டு: படம் ஓடாத கொட்டகையைக் காக்க முடியாது. காட்சிப் பொருளாக்கிப் பூட்டினால் ஐந்தாண்டில் புறா திரும்ப வந்துவிடும். மும்பையில் 1938-இல் திறந்த ஈராஸ் அரங்கு, பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2024-இல் மீண்டும் படம் காட்டத் தொடங்கியதால்தான் அதன் வட்டக் கோபுரத்துக்கு இன்று ஓர் ஆயுள் இருக்கிறது. சிற்றூரில் வாரம் ஏழு நாளும் நான்கு காட்சி நடக்காது. வெள்ளி முதல் ஞாயிறு வரை புதுப்படம், ஒரு காலைக் காட்சி பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாதம் ஒரு நாள் பழைய படம், மேடை இருந்தால் நாடகமும் பட்டிமன்றமும், வளாகத்தில் வள்ளி கும்மி என்று கணக்குப் போடுங்கள். படம் தவிர்த்த நிகழ்ச்சிகளுக்குத் தனி அனுமதி தேவைப்படும் என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விலை, பக்கத்து ஊர்ப் பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது கோவை மாலுக்குப் போவதைவிடப் பாதியாக இருக்க வேண்டும். கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பார்த்து இரவுக் காட்சியின் நேரத்தை வையுங்கள்.

திறப்பு நாளுக்கு ஒரு வாரம் முன்பு, ஊரார் ஐம்பது பேரை அழைத்து உட்கார வைத்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மின்சாரத்தை நிறுத்துங்கள். அவசர விளக்கு எரிகிறதா, கைக்குழந்தையோடு வந்த பெண்ணும் கைத்தடியோடு வந்த பெரியவரும் எந்த வாசலைத் தேடிப் போகிறார்கள், எங்கே தடுக்குகிறார்கள் என்று கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒத்திகையில் மேற்கு வாசல் பக்கம் ஒருவர்கூடப் போகவில்லை. அப்படி ஒரு வாசல் இருப்பதே திரைச்சீலை மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் அந்தச் சீலையை இரண்டு அடி உயர்த்தி, வாசலுக்கு மேலே பச்சை விளக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, அதே ஐம்பது பேரை மீண்டும் அழைத்தோம்.